தாளின் அளவு

பத்திரிகைக்காரனுக்குப் பக்கம் என்பது வெறும் கடதாசியன்று. எத்தனை பத்தி, எத்தனை அங்குலம் என்ற கணக்கிலேயே உலகத்தை அளந்து பழகியவன் அவன். பீ.டி.எவ் கோப்புகளை ஆக்கும் நிரல்களோ, நாம் வேறு அளவைச் சொல்லாதவரை பெரும்பாலும் ஏ4 தாளையே எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, வட அமெரிக்கரின் லெற்றர் தாளை எடுத்துக்கொள்கின்றன.

என் மூத்த தோழர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தொகுத்தபோது இது பெரிய சிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் இத்தகைய மலரைக் கல்வெட்டு என்பார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தமையால் மின்கோப்பாகவும் அது வேண்டியிருந்தது. நிரல் எழுதும் பொறுப்பை என் மருமகன் ஏற்றான்.

மலரின் அளவு ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். பீ.டி.எவ்வின் அடிப்படை அலகு பொயின்ற், அங்குலத்துக்கு 72. ஆகவே நிரலில் எழுதவேண்டியது 396, 612 என்ற இரண்டு எண்கள். ஈயவெழுத்துக் காலத்திலிருந்து எங்களுக்குப் பழகிய அதே பொயின்ற்தான். பழைய அமெரிக்க அளவில் அங்குலத்துக்கு 72.27 இருந்தது, கணினி அதனை முழு எண்ணாக்கிக்கொண்டது. மில்லிமீற்றரில் அளப்பவர்கள் 72ஆல் பெருக்கி 25.4ஆல் வகுத்தால் போதும்.

உண்மையான இடர் ஒரு பத்திரிகை நறுக்கில் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின்னர் தோழர் எழுதிய கட்டுரை. குடும்பத்திடம் எஞ்சியிருந்த ஒரே பிரதி. அகலம் 11 அங்குலம், உயரம் 16. மலரின் பக்கத்துக்குள் அடக்கினால் சரிபாதியாகச் சுருங்கி, 10 பொயின்ற் எழுத்து 5 பொயின்ற் ஆகிவிடும். மங்கிய தாளில் அந்த அளவுக்குச் சுருங்கினால் முதலில் மறைவது புள்ளி. தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். கண் கண ஆகும்.

நல்லவேளையாக, பீ.டி.எவ்வில் அளவு கோப்பு முழுவதற்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கமும் மீடியாபொக்ஸ் என்னும் தன் சொந்த எல்லையை வைத்திருக்கலாம். நறுக்குக்கு மட்டும் 792, 1152 என்று கொடுத்தோம். இங்கே ஒரு கவனம் வேண்டும்: 300 டிபிஐயில் வருடிய அந்தப் படம் 3300 பிக்சல் அகலமுடையது. பிக்சலைப் பொயின்ற் என்று நிரல் கொண்டால், பக்கம் ஏறத்தாழ 46 அங்குல அகலமாக விரிந்துவிடும். பிக்சலை 300ஆல் வகுத்து 72ஆல் பெருக்குவதே முறை.

அச்சகத்துக்கான கோப்பு வேறு. ஓரம் வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூட்டினோம். 413, 629 ஆயிற்று. வெட்டியபின் எஞ்சும் அளவை ட்ரிம்பொக்ஸில் குறித்தோம். அச்சுமலருக்காகக் கட்டுரையைப் புதிதாக எழுத்துக்கோத்தோம்.

லெற்றர் தாளை நடுவில் மடித்தால் ஐந்தரைக்கு எட்டரை வருகிறது. எனவே ரொறன்ரோவில் மகள், ஒரு தாளில் இரண்டு பக்கமாக, சுருக்கமின்றி அச்சிட்டுக்கொண்டாள். நறுக்கைத் திரையிற் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாள். தகப்பனின் பெயருக்குக் கீழே அவர் பேனாவால் திருத்தியிருந்த ஒரு சொல்லை வாசிக்க முடிந்தது என்றாள்.

பழைய நறுக்குகளை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடுமுன் அடிமட்டத்தை எடுத்து அகலத்தையும் உயரத்தையும் குறித்துவையுங்கள். தாள் உக்கிப்போன பின்னர் அதன் அளவை எவரிடமும் கேட்க முடியாது.