சுவர் யார் கணக்கில் நிற்கிறது?

அம்பாங்கில் வீடு தேடும் நம்மவர்கள் எல்ஆர்டி நிலையம் எவ்வளவு தூரம், பள்ளி பக்கமா, கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் விசாரிப்போம். வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தாங்கும் சுவரை எந்த விதிப்படி கட்டினார்கள் என்று கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டடத்துக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய தடுப்புச் சுவரில் விரிசல் தெரிந்தது. பார்க்க வந்த குத்தகையாளர், "சிமெண்ட் பூசிச் சாயம் அடிச்சா போதும்" என்றார். செலவும் குறைவு. குழுவில் பாதிப்பேர் சரி என்றார்கள். ஆறாம் மாடிப் பாட்டி மட்டும், "தம்பி, ஹைலண்ட் டவர்ஸ் மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

மறக்கக்கூடியதா அது! 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பல நாள் மழைக்குப் பிறகு, உலு கிளாங்கில் இருந்த 12 மாடிக் கட்டடம் சாய்ந்தது. 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த சரிவில் நீர் வடிய ஒழுங்கான வழியில்லை; தடுப்புச் சுவர்கள் உடைந்து மண் சரிந்தது. கட்டடத்தின் அடியில் இருந்தவை தண்டவாள இரும்பால் ஆன கடைக்கால் தூண்கள். மேலிருந்து வரும் எடைக்குத்தான் அவற்றுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் மண் தள்ளுவதற்கு அல்ல. பொறியாளர் தம் கட்டடத்தோடு நிற்காமல் பின்னால் இருந்த சரிவையும் கவனித்திருக்க வேண்டும் என்று 2000இல் உயர் நீதிமன்றம் கூறியது.

அந்த விதி என்னதான் சொல்கிறது என்று நானே படிக்க விரும்பினேன். கிள்ளானில் சிவில் இன்ஜினியராக வேலை செய்யும் என் அக்காள் மகனை அழைத்தேன்.

"மாமா, இப்போ நம்ம நாட்டுல யூரோகோட் முறை. கான்கிரீட்டுக்கு எம்எஸ் இஎன் 1992, மண்ணுக்கும் தடுப்புச் சுவருக்கும் எம்எஸ் இஎன் 1997. ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியாகிட்ட காசு கொடுத்து வாங்கலாம். தேசிய இணைப்புன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்துதான் படிக்கணும். ஆனா உங்க கட்டடம் பழசு. பிரிட்டிஷ்காரங்களோட பிஎஸ் 8110 காலத்துது. புதுப் புத்தகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. மருந்துப் புத்தகம் வாங்கினால் வைத்தியராக முடியாது. ஆனால் வைத்தியரிடம் என்ன கேட்பது என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் கணக்கும் எங்கே? சுவரின் பின்புறத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது? அறிக்கையில் கையெழுத்திடப் போகிறவர், தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்ற நிபுணத்துவப் பொறியாளரா? கடைசிக் கேள்விக்கு விடை மலேசியப் பொறியாளர் வாரியத்தின் பெயர்ப் பதிவில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

அலுவலக இரும்பு அலமாரியில் வரைபடம் கிடைத்தது. கணக்குத் தாள்கள் இல்லை. பொறியாளர் ஒருவரை அமர்த்த சிங்கிங் ஃபண்டிலிருந்து பணம் எடுக்கலாமா என்று பொதுக்கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. "விரிசலைப் பார்க்கவே இவ்வளவு ரிங்கிட்டா?" என்றார் ஒருவர். பாட்டி எழுந்து, "என் பேரப்பிள்ளைங்க தினமும் அந்தச் சுவரோரமாத்தான் பள்ளி வேனுக்குக் காத்திருக்காங்க" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

பொறியாளர் வந்து முதலில் விரிசலைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த துளைகளைப் பார்த்தார். தண்ணீர் வடிய விட்ட துளைகளில் பாதி, முன்பு அடித்த சாயத்தாலும் வேராலும் அடைந்திருந்தன. மேலே இருந்த கால்வாயும் உடைந்திருந்தது. மழைநீர் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. குத்தகையாளர் சொன்னபடி பூசியிருந்தால் மிச்சத் துளைகளும் மூடியிருக்கும். கால்வாயைச் சரிசெய்து, துளைகளைத் திறந்து, சுவரின் அசைவை மாதாமாதம் அளக்க ஏற்பாடு செய்தோம். இதுவரை அசைவு இல்லை.

ஹைலண்ட் டவர்ஸ் துயரத்துக்குப் பிறகு, சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு சோதிக்கும்படி ஊராட்சி மன்றம் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தி, "நம் கட்டடத்தை கடைசியாக எப்போது சோதித்தார்கள்? அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.