வேஷமும் வெட்டும்

விண்வெளிக் கதை என்றால் எனக்கு எப்போதுமே சற்று அலட்சியம். அதில் அரசியலாவது, மண்ணாங்கட்டியாவது என்றுதான் இருந்தேன். சமீபத்தில் என் மகன் வற்புறுத்தி உட்காரவைத்துப் பழைய அமெரிக்க டெலிவிஷன் நாடகம் ஒன்றைக் காட்டினான். எழுதியவர் ராட் ஸெர்லிங். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்ல 1955-க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில், மிஸிஸிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளையரையும், வெள்ளையரே நிறைந்த ஜூரி விடுதலை செய்துவிட்டது. பையனின் தாயார் சிகாகோவில் சவப்பெட்டியை மூடச் சம்மதிக்கவில்லை. சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்றாள்.

ஸெர்லிங் இதை நாடகமாக்க முயன்றார். தெற்கத்திக்காரர்கள் கோபித்துக்கொண்டால் வியாபாரம் என்ன ஆகும் என்று விளம்பரதாரர்களுக்குப் பயம். 1956 ஏப்ரலில் நாடகம் வந்தபோது, செத்தவன் கறுப்பன் அல்ல. ஊரும் தெற்கில் இல்லை. கோக்க-கோலா பாட்டில்கூடத் தெற்கை ஞாபகப்படுத்தும் என்று அரங்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம்! தாய் திறந்து வைத்த பெட்டியை டெலிவிஷன் மூடிவிட்டது.

1959 அக்டோபரில் அவர் 'ட்விலைட் ஸோன்' தொடரை ஆரம்பித்தார். மொத்தம் 156 நாடகங்கள். 92 அவரே எழுதியவை. செவ்வாய்க் கிரகத்தான் என்ன பேசினாலும் சோப்பு விற்பவருக்குக் கவலையில்லை அல்லவா?

நான் பார்த்தது 1960 மார்ச்சில் வந்த மேப்பிள் தெருக் கதை. திடீரென்று விளக்கு, டெலிபோன், கார் எல்லாம் நின்றுவிடுகின்றன. வேற்றுக் கிரகத்தார் மனித உருவில் நம்மிடையே இருக்கிறார்களோ என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. இரவில் வானத்தைப் பார்ப்பவன் மேல் சந்தேகம். கார் தானாகக் கிளம்பியவன் மேல் சந்தேகம். இருட்டில் வந்த அண்டை வீட்டுக்காரனையே சுட்டுவிடுகிறார்கள். வேற்றுக் கிரகத்தார் குன்றின்மேல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விளக்கை அணைத்ததுதான் அவர்கள் செய்த வேலை. மற்றதைத் தெருவே பார்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் கம்யூனிஸ்டு இருக்கிறானோ என்று 1950-களில் நடுங்கிய ஜனங்களுக்கு எழுதிய கதை அது.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு கிணற்றைப் பற்றிக் கதை எழுதினேன். யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பதுதான் சண்டை. பத்திரிகாசிரியர் படித்துவிட்டு, "கதை பேஷ்! ஜாதியை மட்டும் எடுத்துவிடுங்களேன், ஸார்" என்றார். எடுத்துவிட்டேன். இரண்டு குடும்பத்துப் பழைய பகையாகக் கதை வெளிவந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. நாலு பேர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்கள்.

வேஷம் வேறு, வெட்டு வேறு. மேப்பிள் தெருவில் ஆசாமிகள்தான் மாறினார்கள். மனிதனின் பயம் மாறவில்லை. என் கதையில் ஆசாமிகள் அப்படியே இருந்தார்கள். சண்டையின் காரணம்தான் போய்விட்டது.

அந்தக் கிணற்றை மறுபடியும் எழுத வேண்டும். அது சந்திரனில் இருந்தாலும் சரி, யாருடைய குடத்தை யார், எதற்காகத் தட்டிவிட்டார்கள் என்பது இந்தத் தடவை இருக்கும்.