மூழ்கிய நிலங்கள்

ஐம்பத்தாறு வயதுப் பங்குத்தந்தை ஒருவர் கணினி விளையாட்டில் பொழுதைக் கழித்தார் என்று எழுதினால், வாசகர்களுள் சிலர் புன்னகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். இளையோர் கூட்டங்களில் கைப்பேசிக்கும் கணினிக்கும் எதிராக நாமே எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். ஆகவே நம் பக்கத்து நியாயத்தை முதலில் கூறிவிடுவது நல்லது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆறு வாரங்கள் தங்கையின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. கட்டளைச் செபம், செபமாலை, கையோடு கொண்டுவந்த இரண்டு தடித்த நூல்கள் ஆகிய எல்லாம் முடிந்த பின்னும் நாள் மிச்சமிருந்தது. பொறியியல் இறுதியாண்டு பயிலும் தங்கை மகன் நம் நிலை கண்டு இரங்கி, "சாமி மாமா, நீங்கள் மலைப்பங்கில் ஜீப் ஓட்டியவர்தானே? இதை ஓட்டிப் பாருங்கள்" என்று ஒரு கட்டுப்படுத்தியைக் கையில் திணித்தான்.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்னோரன்னர். 2020இல் வெளிவந்தது. பாவெல் சக்ரெபெல்னி என்ற நிரலாளர் உருவாக்கி 2014இல் வெளியான ஸ்பின்டயர்ஸ் என்ற விளையாட்டே இதன் மூதாதை, 2017இல் மட்ரன்னர் வந்தது, அதன்பின் இது. துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை, பந்தயமும் ஏறக்குறைய இல்லை. ஒரு கனரக லாரி, ஒரு சுமை, ஒரு சேற்றுப்பாதை. சுமையை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன சுவை என்று நாமும் முதல் நாளில் எண்ணினோம்.

ரஷ்ய மொழியில் 'ரஸ்புதித்சா' என்று ஒரு சொல் உண்டு. இலையுதிர்கால மழையிலும், வசந்தத்தில் பனி உருகும்போதும் மண்பாதைகள் கூழாகிப் போக்குவரத்து நின்றுபோகும் பருவத்துக்கு அப்பெயர். 1941 அக்டோபரில் மாஸ்கோவை நோக்கி விரைந்த செர்மானியப் படையின் ஊர்திகளை அச்சுவரை விழுங்கியது அந்தச் சேறுதான். ஸ்பின்டயர்ஸில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் சோவியத் காலத்து லாரிகள். சேறே அதன் கதாநாயகன். இந்த வழித்தோன்றலோ அமெரிக்காவின் மிச்சிகன், அலாஸ்கா, சைபீரியாவின் வடகோடியிலுள்ள தைமிர் என்று நிலங்களை விரித்திருக்கிறது. எனினும் மண்ணின் குணம் மாறவில்லை. திரையில் தெரியும் தரை வெறும் ஓவியமன்று. சக்கரம் ஏறினால் அமிழ்கிறது, சுழன்றால் குழிகிறது, முன்னே சென்ற வண்டியின் தடம் பின்னே வருவதற்குப் பள்ளமாகக் காத்திருக்கிறது.

முதல் வாரம் முழுவதும் நாம் மாட்டிக்கொண்டே இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. சேற்றைக் கண்டதும் நம் விரல் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. வண்டி உறுமியது, புகை கக்கியது, இறங்கியது. எரிபொருள் முள் சரிந்தது. மருமகன் பின்னாலிருந்து சோளப்பொரி கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "மாமா, சக்கரம் சுற்றுவதும் வண்டி போவதும் ஒன்றல்ல. டிஃப் லாக்கைப் போடுங்கள்."

அதென்ன என்று கேட்டோம். குருமடத்தில் மூன்றாண்டு மெய்யியலும் நான்காண்டு இறையியலும் பயின்ற நமக்கு, ஓர் அச்சு எவ்வாறு இயங்குகிறது என்பதை அதுவரை எவரும் சொல்லித் தந்ததில்லை. அவன் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினான். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் பற்சக்கர அமைப்புக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். தார்ச்சாலையில் அது பெரிய உதவி. சேற்றிலோ அதுவே வினையாகிறது. பிடிப்பில்லாத சக்கரம் எளிதாகச் சுழல்வதால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடுகிறது. கெட்டித்தரையில் நிற்கும் சக்கரம், வண்டியைத் தூக்கிவிடக்கூடிய அந்த ஒரே சக்கரம், அசையாமல் நிற்கிறது. பூட்டைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழலும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், வண்டி திரும்பவும் அடம்பிடிக்கும், ஆனால் நகரும்.

அந்தத் தாளை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகன் நமக்குப் புரியவில்லை என்று எண்ணி மறுபடியும் விளக்கத் தொடங்கினான். புரிந்துவிட்டது என்பதுதான் தொல்லை. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் புரிந்தது.

2001ஆம் ஆண்டு, ஐப்பசி மழை. அப்போது நாம் ஒரு மலைப்பங்கில் இருந்தோம். காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிக்கிடந்த ஒன்பது கிளைக் கிராமங்கள். ஒரு பழைய மகிந்திரா ஜீப். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது: மேற்கோடிக் கிராமத்தில் தோட்டத் தொழிலாளியான பெரியவர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருக்கிறார், சாமி வரவேண்டும். அவஸ்தைப்பூசுதல் எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரை அருகில் அமர்த்திப் புறப்பட்டோம். இரண்டு பாதைகள் இருந்தன. மேட்டுப்பாதையில் பாதிவழிவரை வண்டி போகும். பிறகு ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். ஓடையைக் கடக்கும் தாழ்ந்த பாதையோ, வறண்ட காலத்தில் முப்பது நிமிடங்களில் வாசலில் கொண்டு சேர்க்கும்.

பிரிவில் உபதேசியார் சொன்னார்: "சாமி, ஓடைப் பக்கம் வேண்டாம். ரெண்டு நாளா மலையில கொட்டியிருக்கு. மேட்டுல வண்டிய விட்டுட்டு நடந்துடலாம்."

நாம் ஓடைப் பக்கம் திருப்பினோம். ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார், ஒன்றரை மணி நேரமா என்று கேட்டோம். அவர் மேலும் பேசவில்லை. சாமியிடம் இருமுறை சொல்லும் பழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை. ஓடைக்கு இப்பால், வலப்பக்கச் சக்கரங்கள் சேற்றிலும் இடப்பக்கச் சக்கரங்கள் பாறையிலுமாக ஜீப் நின்றது. நான்கு சக்கர இயக்கத்துக்கான நெம்புகோலைப் போட்டுத்தான் இருந்தோம். வலப்பக்கச் சக்கரங்கள் சுழன்றன. பாறைமேல் இருந்தவை அசையவில்லை. நாம் அழுத்தினோம், இன்னும் அழுத்தினோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே போராடினோம். வண்டியின் அடிப்பாகம் மண்ணில் படிந்தபின்தான் இறங்கி நடந்தோம், ஓடையைச் சுற்றி, இருட்டில். போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. பெரியவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுருபமும் இரண்டு மெழுகுவர்த்திகளும் வைத்திருந்தார்கள். வர்த்திகள் அடிவரை எரிந்திருந்தன.

அவருடைய மனைவி நம்மைப் பார்த்து, "மழை, சாமி. நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

"ஆமம்மா, மழை" என்றோம்.

அடக்கத் திருப்பலி மறையுரையிலும் மழையைப் பற்றித்தான் பேசினோம். உபதேசியார் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் நாம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட 'ஒரு நோயாளியிடம் செல்லத் தாமதித்தேன்' என்று சொன்னோமே தவிர, 'வழி தெரிந்தவர் சொன்னதைக் கேட்கவில்லை' என்று சொன்னதில்லை. உபதேசியார் 2016இல் காலமானார்.

இனி விளையாட்டுக்கு வருவோம். அந்தத் தாளைக் கண்ட நாளுக்குப் பிறகு நாம் அதை ஆடிய விதமே மாறிப்போனது. முழங்கால் அனுமதித்ததற்கு மேலாகவே அமர்ந்திருந்தோம், தங்கை கடிந்துகொண்டாள். ஸ்னோரன்னரில் வரைபடத்தின் பெரும்பகுதி முதலில் மறைந்திருக்கிறது. சிறிய, இலகுவான வண்டியொன்றை முன்னே அனுப்பி, ஆங்காங்கே உள்ள காவற்கோபுரங்களை அடைந்தால் சுற்றுப்புறம் துலங்கும். எங்கே பாலம் இடிந்திருக்கிறது, எந்த வழியைப் பாறை மறித்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அதன் பின்னரே சுமை லாரியை எடுக்க வேண்டும். பலகைகளும் இரும்பும் கொண்டுவந்து கொடுத்தால் பாலம் எழும். எழுந்த பாலம் பிறகு நிலைத்து நிற்கும். வண்டி சிக்கினால் வின்ச் என்னும் இழுவைக்கயிற்றை ஒரு மரத்தில் மாட்டி இழுக்கலாம். சிறு மரமானால் அதுவே பிடுங்கிக்கொண்டு வரும். எந்த மரம் தாங்கும் என்று பார்த்து மாட்ட வேண்டும். வின்ச்சுக்கும் பெரும்பாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய் தீரும்வரை சக்கரத்தைச் சுழற்றியவனுக்குக் கயிறும் உதவாது.

இதே குடும்பத்தில் 2024 மார்ச்சில் எக்ஸ்பெடிஷன்ஸ் என்று மற்றொன்று வந்திருப்பதாகச் சொல்லி, மருமகன் அதையும் காட்டினான். அரிசோனாப் பாலைநிலமும் கார்பாத்தியன் மலைகளும் அதன் களங்கள். சுமை ஏற்றுவதைவிட வழி தேடுவதே அங்கு வேலை. இருந்த இடத்திலிருந்தே டயரின் காற்றைக் குறைக்கலாம்; காற்றுக் குறைந்த டயர் அகன்று படிந்து மண்ணைக் கூடுதலாகப் பற்றும். தொலைநோக்கி உண்டு, சிறு டிரோன் உண்டு. மரமில்லா நிலத்தில் கயிறு மாட்டத் தரையில் அறையும் நங்கூரம் உண்டு. ஆற்றில் இறங்குமுன் ஆழத்தை அளந்து சொல்லும் ஒலிக்கருவியும் உண்டு. அந்தக் கருவியைக் கண்டபோது நாம் சிரித்துவிட்டோம். நம்மிடமும் ஒன்று இருந்தது. வலப்பக்க இருக்கையில் நாம் ஓட்ட, இடப்பக்க இருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தது.

இரண்டிலும் ஒரு குறை நம்மை உறுத்தியது. ஸ்னோரன்னரின் ஊர்களில் மனிதர் இல்லை. வீடுகள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன, யாருக்கோ எதுவோ தேவை என்று எழுத்தில் செய்தி வருகிறது. ஆனால் கதவைத் திறந்து ஒருவர்கூட வெளியே வருவதில்லை. பெரும்பாலான பணிகளுக்குக் காலக்கெடுவும் இல்லை. ஆகவே நிதானம் அங்கே எளிது. மருமகனிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் அன்று நீங்கள் அவசரப்பட்டது சரிதானே, மாமா?" என்றான். அவனிடம் ஓடைக் கதையை அதற்குள் சொல்லியிருந்தோம். நம் வாழ்வில் அதை முழுமையாகக் கேட்ட முதல் மனிதன் அவன்தான். அவசரம் சரிதான் என்று நாமும் எண்ணுகிறோம். நடப்பது என்று முடிவெடுத்திருந்தாலும் அவசரமாகத்தான் நடந்திருப்போம், பதினொன்றரைக்குச் சேர்ந்திருப்போம்.

விடுப்பின் கடைசி வாரத்தில் தைமிரில் 'ட்ரவுன்ட் லேண்ட்ஸ்' என்னும் பகுதிக்குப் போனோம். மூழ்கிய நிலங்கள் என்று பொருள். பெயருக்கேற்ப எங்கும் கலங்கிய நீர், நீருக்குள் சேறு. பளு ஏற்றிய லாரி நட்டநடுவில் நின்றுவிட்டது. எட்டும் தூரத்தில் மரமில்லை. "ரெக்கவர் போட்டுவிடுங்கள்" என்றான் மருமகன். அந்தப் பொத்தானை அழுத்தினால் வண்டி நொடியில் கொட்டகைக்குத் திரும்பிவிடும். எதுவும் நடவாதது போல மறுபடி தொடங்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து மற்றொரு வண்டியை எடுத்து, கரையோரமாகச் சுற்றிக்கொண்டு ஓட்டி வந்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. விளையாட்டுக்குள்ளும் இருட்டிவிட்டது. முகப்பு விளக்கொளியில் அந்த லாரி விட்ட இடத்திலேயே நின்றது. கயிற்றை மாட்டி, லோ கியரில் மெல்ல இழுத்தோம். மருமகன் நாற்காலியிலேயே உறங்கிப்போயிருந்தான்.

ஆகஸ்ட் மாதம் கைத்தடியோடு அந்த மலைக்குப் போனோம். இப்போது தார்ச்சாலை இருக்கிறது. ஓடைக்குமேல் பாலமும் இருக்கிறது. ஜீப் நின்ற இடம் பாலத்துக்கு அடியில் எங்கேயோ. பெரியவரின் மனைவி இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், குரலைக் கேட்டே நம்மை அடையாளம் கண்டுகொண்டார். திண்ணையில் அமர்ந்து, அன்றிரவு மழையால் தாமதமாகவில்லை, உபதேசியார் வேண்டாமென்று சொன்ன வழியில் நாம்தான் வண்டியை விட்டோம் என்று சொல்லி முடித்தோம்.

அவர் சற்று நேரம் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சாமி. உபதேசியாரு முப்பதாம் நாளு பூசைக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. சாமி மேல கோவப்படாத, நானும் ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும்னு அழுதாரு."

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வரக்காப்பி வரச் சிறிது நேரமாகும், கால் வலிக்குமே, காலை நீட்டி உட்காருங்கள் என்று உள்ளிருந்து குரல் வந்தது.