கம்பம் பள்ளத்தாக்கும் கடல் கடந்த கல்வியும்

 

மதுரையிலிருந்து மேற்கே புறப்பட்டு, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனி நகருக்குள் நுழையும்போது மலைகள் உங்களைச் சூழ்ந்துகொள்ளும். 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தின் தலைநகர் இது. இங்கிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் நெடுஞ்சாலை, கம்பம் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் உங்களுக்குக் காட்டிவிடும். இடப்புறம் மேகமலை; வலப்புறம் கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர்; நடுவே நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழையும் திராட்சைப் பந்தலும். இப்பகுதியின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது.

இத்தனை பசுமையும் எங்கிருந்து வந்தது? மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துவிடும் பெரியாற்று நீரை அணையில் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் வந்தது. பென்னிகுக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அவர் நினைவாகக் கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப்பில் எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. பயணம் செல்வோர் அதைக் காணாமல் திரும்பலாகாது. இந்நீரைக் கொண்டே இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது.

அணை எழுவதற்கு முன்னரே ஒரு தாள் எழுதப்பட்டது என்பதை இங்கே கருத்திற் கொள்ள வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சுமார் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் குத்தகை. காலம் 999 ஆண்டுகள். 1970ஆம் ஆண்டு அந்தக் குத்தகைத் தொகை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீர்மட்டத்தை எத்தனை அடிவரை தேக்கலாம் என்னும் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2014ஆம் ஆண்டு 142 அடி என்று தீர்ப்பாயிற்று. பிறருடைய மண்ணிலிருந்து நமக்கு வரும் பயன், எழுதப்பட்ட நிபந்தனைகளைப் பற்றிக்கொண்டே வருகிறது. இப்பள்ளத்தாக்கின் உழவருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஏட்டுக் கல்வியின் நீரோட்டம்

உத்தமபாளையத்தில் சற்று இறங்கிப் பாருங்கள். ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்களின் பெயர் தாங்கிய ஹௌதியா கல்லூரி 1956ஆம் ஆண்டு இங்கே தோன்றியது. பட்டணத்துக்குப் பிள்ளையை அனுப்ப வசதியற்ற எத்தனையோ இல்லங்களுக்கு, வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறும் வாய்ப்பை அது அளித்தது. சாதி சமய வேறுபாடின்றிப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் அதன் நிழலில் கற்றுள்ளனர். அல்ஹம்துலில்லாஹ்! அன்று உள்ளூர்க் கல்லூரியைக் கனவு கண்ட குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இன்று அமெரிக்காவையும் பிரிட்டனையும் கனடாவையும் நோக்குகிறது.

பிழைப்புக்காக எல்லை தாண்டுவது இவ்வூர்களுக்குப் புதிதன்று. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் புறப்பட்டு, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வதை நீங்கள் காணலாம். அவர்களிடம் யாரும் வேலை அனுமதி கேட்பதில்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் அந்த எல்லையிலும் அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டது. சீட்டு இல்லாதவர் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. கடல் கடந்த நாடுகளில் அந்த நிலைதான் எந்நாளும் நடைமுறை.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "படித்து முடித்தால் அங்கேயே வேலை கிடைக்குமா?" என்பதே. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "வேலை செய்ய அந்நாடு எத்தனை மாதம் அனுமதிக்கிறது? எந்த நிபந்தனையின் பேரில்?" என்பதாகும். மாணவர் விசா படிப்பதற்காகத் தரப்படுவது. படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி வேறொரு குத்தகை.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குத்தகை

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். எஃப்-1 விசாவில் படித்தவர், ஓ.பி.டி. என்னும் செய்முறைப் பயிற்சி அனுமதியின் கீழ் 12 மாதம் தம் படிப்புத் தொடர்பான பணியைச் செய்யலாம். 1992ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய 'ஸ்டெம்' துறையினருக்கு 2008இல் மேலும் 17 மாதமும், 2016 முதல் அதற்குப் பதிலாக 24 மாதமும் நீட்டிப்பு தரப்பட்டது. பணியளிக்கும் நிறுவனம் அரசின் ஈ-வெரிஃபை பதிவில் இருந்தால்தான் இந்த நீட்டிப்பு உண்டு.

காலவரையறை கடுமையானது. படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். முடிந்து 60 நாள் கடந்தால் இயலாது. அனுமதி அட்டை கைக்கு வருமுன் ஒரு நாளும் வேலை செய்யலாகாது. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் அனுமதி பறிபோகும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரே பெயருள்ள படிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில் 'ஸ்டெம்' பட்டியலில் இருக்கும், மற்றொன்றில் இராது. பெயரை வைத்து அது முடிவாவதில்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்னும் தாளில் அச்சிடப்பட்டுள்ள பாடக் குறியீட்டு எண்ணே அதை முடிவு செய்கிறது. அந்த ஓர் எண்ணில் 12 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் உள்ள வேற்றுமை அடங்கியிருக்கிறது.

பிரிட்டன் 2012ஆம் ஆண்டு தன் பழைய ஏற்பாட்டை மூடியது. 2021 ஜூலை முதல் 'கிராஜுவேட் ரூட்' என்னும் பெயரில் ஈராண்டு அனுமதியை மீண்டும் திறந்தது. முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமே என்று அந்நாட்டரசு விதி வகுத்துள்ளது. மாணவர் விசா முடிவதற்குள், அந்நாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும்.

கனடாவில் படிப்பின் கால அளவைப் பொறுத்து மூன்றாண்டு வரை அனுமதி உண்டு. வாழ்நாளில் ஒருமுறை மட்டும். எல்லாக் கல்லூரிப் படிப்புக்கும் அது கிடையாது. அரசுக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரியில் கற்பிக்கும் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15 முதல் சேர்ந்தோருக்கு அந்த வாய்ப்பு அடைபட்டது. 2024 நவம்பர் முதல் மொழித் தேர்ச்சியும் கட்டாயமாயிற்று. ஜெர்மனியோ, அங்குப் பட்டம் பெற்றோர் வேலை தேட 18 மாதம் தருகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இவ்வகை விசாவுக்கான வயது வரம்பைப் பெரும்பாலோருக்கு 35ஆகக் குறைத்தது.

மணமான பிள்ளையை அனுப்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் துணைவி எஃப்-2 விசாவில் செல்லலாம். அங்கு அவர் வேலை செய்ய இயலாது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பல்லாத முதுநிலைப் படிப்பில் சேர்வோர், சிறு விலக்குகள் நீங்கலாக, குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. மருமகளும் உடன் சென்று சம்பாதிப்பார் என்று போடப்படும் கணக்கு இங்கே பொய்த்துவிடும்.

தோட்டத்தை அடகு வைக்குமுன்

பெரியாற்று ஒப்பந்தத்துக்கும் இந்த அனுமதிகளுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. முன்னதை மாற்ற இரு தரப்பும் அமர்ந்து பேசி மீண்டும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பின்னதை அந்தந்த நாட்டரசு தானாகவே மாற்றும். அமெரிக்க ஓ.பி.டி. திட்டம் நாடாளுமன்றச் சட்டத்தில் நேராக எழுதப்பட்டதன்று. அரசுத் துறையின் விதியாக நிற்பது. அதை எதிர்த்த வழக்கில் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தை நிலைநிறுத்தியது; 2023இல் உச்சநீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை. ஓ.பி.டி. முடிந்தபின் பலரும் நாடும் எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. அதிலும் 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய விண்ணப்பங்களின் மீது ஒரு லட்சம் டாலர் கட்டணம் பிரகடனம் செய்யப்பட்டது.

ஆகவே, திராட்சைத் தோட்டத்தையோ இல்லத்தரசியின் நகையையோ அடகு வைக்குமுன் இரண்டு கணக்குகள் எழுதிப் பாருங்கள். அனுமதிக் காலம் முழுவதும் வேலை கிடைத்தால் கடன் தீருமா என்பது ஒன்று. அனுமதி கிடைக்காமலோ வேலை அமையாமலோ பிள்ளை பட்டத்தோடு ஊர் திரும்பினால் கடனை எப்படி அடைப்பது என்பது மற்றொன்று. இரண்டாம் கணக்குக்கு விடை இல்லையெனில் அந்தப் படிப்பு நம் சக்திக்கு மீறியது. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். எனவே கடன் வாங்கும் முறையைப் பற்றி ஆலிம் பெருமக்களிடம் முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள்.

முகவர் வாயால் சொல்வதை விதியாகக் கொள்ளாதீர்கள். "மூன்றாண்டு உறுதி" என்பவரிடம், அந்நாட்டரசின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் அது எங்கே உள்ளது என்று காட்டச் சொல்லுங்கள். சேரும் நாளின் விதியையும், படிப்பு முடியும் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட விதியையும் தனித்தனியே கேளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்ளவே நமக்குப் பணிக்கிறது. எழுத்தைக் கேட்டு வாங்குவது யாரையும் அவமதிப்பதாகாது.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊரிலும் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் ஒருவரேனும் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அவரை அமர்த்திப் பெற்றோரின் ஐயங்களைத் தீர்க்கச் செய்யலாம். பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

கல்விக்காக நம் பிள்ளைகள் எந்நாட்டுக்கும் செல்லட்டும், பெண்மக்களும் செல்லட்டும். போகும் வழியின் நிபந்தனைகளை வாசித்தறிந்து செல்லட்டும். அவர்களின் முயற்சிகளை வல்ல இறைவன் வெற்றியாக்கி வைப்பானாக! ஆமீன்.