ஏரிக்கு மேலுள்ள சரிவு

கொடைக்கானலின் நில உபயோக வகைப்பாட்டை மாற்றி, குடியிருப்புக்கென ஒதுக்கிய சரிவுகளில் வர்த்தகக் கட்டடங்களுக்கும் அநுமதி வழங்கவேண்டும் என்ற யோசனை எழும்போதெல்லாம், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ஆம் ஆண்டில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய அந்த ஏரியின் கரையில், பனி விலகும் வேளையில், என் தகப்பனாரின் விரலைப் பற்றிக்கொண்டு நடந்த நாட்கள் என் மனத்திலே உதிக்கின்றன.

அன்று வீடுகளுக்குப் பின்னால் தெரிந்த வனம் வெறும் காட்சியன்று. சோலைக்காடு என்று நாம் அழைக்கும் அது, மழைநீரைத் தன் இலைமக்கிலும் வேர்களிலும் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்து பல நாட்கள் சென்ற பின்னும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக அளந்து கொடுக்கும் ஜீவநிதி. அடிவாரத்து வயல்களின் பசுமையும் அதனைச் சார்ந்தே நிற்கிறது.

பெருகிவிட்ட குடும்பத்துக்காக ஓர் அறை கூட்டிக்கொள்ள விழையும் எளியவருக்கு விதி தளரட்டும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை, இதை அழுத்தியே சொல்கிறேன். ஆனால் எந்தச் சரிவில் எது எழலாம் என்று 1993-ஆம் ஆண்டின் பெருந்திட்டம் வகுத்த வரம்பைப் பெருங்கட்டடங்களுக்காகத் தளர்த்துவது, மண்ணின் பிடிப்பையும் நீரின் மார்க்கத்தையும் ஒருசேரப் பறிகொடுப்பதாகும் என்றே அஞ்சுகிறேன்.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் பிரஜைக்கு ஆட்சேபணை தெரிவிக்கும் உரிமையை அளித்திருக்கிறது. என்னுடையதை எழுதி வைத்துவிட்டேன். நண்பர்களும் எழுதவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.