ஒரே இழுப்பில் ஐந்து வேலை

தேனியிலோ போடியிலோ ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறுகிற நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வயதில் நான் வடக்கே போனேன். துப்பாக்கித் தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு செய்யும் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் டை செட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது சின்னமனூரில் இருக்கிறேன்.

அமெரிக்காவில் வேலை செய்யும் என் பேரனுக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஆர்வம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை அங்கே பலர் எறிவதில்லை. சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி பயன்படுத்துவார்கள். அதற்காக அவன் ஒரு புராகிரசிவ் பிரஸ் வாங்கியிருந்தான். வீடியோ அழைப்பில் அதைக் காட்டி, "தாத்தா, இதை எப்படி செட் பண்றது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னது எந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறவருக்கும் பொருந்தும் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். எனவே இதைத் தொழில் பாடமாக மட்டும் கேளுங்கள்.

கையில் இருப்பது என்ன என்று அறி

தோட்டாக் கூட்டின் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டிலிருந்து சிறு கிண்ணம் போல வெட்டி, டைக்குள் பல முறை இழுத்து நீட்டித்தான் அதை நீளக் கூடாக்குகிறோம். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகும். இறுகியதை உலையில் சூடேற்றி இளக்கினால்தான் அடுத்த இழுப்பைத் தாங்கும். கடைசியில் அடிப்பகுதி கெட்டியாகவும் கழுத்து இளக்கமாகவும் இருக்க வேண்டும். சுடும்போது கழுத்து விரிந்து துப்பாக்கியின் அறையை அடைத்துக்கொள்ளும், அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. சுடுகிறவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது இந்த மெல்லிய பித்தளைதான்.

ஆகவே பேரனிடம் நான் முதலில் இயந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "கூடுகளைத் தரையில் கொட்டி, வகை வகையாகப் பிரி. அடியில் இருக்கும் முத்திரையைப் படி" என்றேன். ஏனென்றால் எல்லாக் கூடும் ஒன்றுபோல இருப்பதில்லை. பாக்ஸர் முறையில் செய்த கூட்டின் அடியில் நடுவில் ஒரே துளை. டையில் உள்ள ஊசி அதன் வழியாக இறங்கிப் பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தள்ளிவிடும். பெர்டான் முறையில் நடுவில் துளை கிடையாது, பக்கத்தில்தான் சிறு துளைகள் இருக்கும். ஊசி இறங்கினால் ஊசிதான் முறியும். ராணுவத் தோட்டா என்றால் பிரைமரைச் சுற்றியுள்ள விளிம்பை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். அந்த விளிம்பைச் சரிசெய்யாமல் புதிய பிரைமர் ஒழுங்காக நுழையாது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள், ஒரே உயரம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் இயந்திரத்தின் பட்டன்களைப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்குள் போகும் பொருளைப் பாருங்கள். எந்த உலோகம், எங்கிருந்து வந்தது, இதற்கு முன்னால் அதற்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அதைத் தெரிந்தவனுக்கு இயந்திரம் சீக்கிரம் வசப்படும்.

ஒவ்வொன்றாக செட் செய், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டு

புராகிரசிவ் பிரஸ்ஸில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதில் கூடுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேலே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டை. லீவரை ஒரு முறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் வேலை ஒரே நேரத்தில் நடக்கும். பிறகு தட்டு ஒரு நிலை நகரும். அரிசோனாவில் உள்ள தில்லன் நிறுவனத்தின் 550 மாடலில் நான்கு நிலைகள், தட்டைக் கையால் திருப்ப வேண்டும். 750 மாடலில் ஐந்து நிலைகள், தட்டு தானாகத் திரும்பும். பேரன் வாங்கியது ஐந்து நிலை உள்ளது. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். பழைய பிரைமரைத் தள்ளி உடலை அளவுக்குச் சுருக்குவது ஒரு நிலை. நீண்டுபோன கழுத்தை மோட்டார் வெட்டி விடுவது ஒரு நிலை. வெட்டும்போது சுருங்கிய கழுத்தின் உள்வாயைத் திறப்பது இன்னொரு நிலை.

"ஒரே இழுப்பில் எல்லாம் முடிஞ்சிரும் தாத்தா" என்று உற்சாகமாகச் சொன்னான். அந்த உற்சாகம் நல்லதுதான். ஆனால் ஒரு நிலை தப்பாக இருந்தாலும் அதே வேகத்தில் தப்பான கூடுகள் பெட்டியில் விழும். கையால் ஒவ்வொன்றாகச் செய்கிறவன் இரண்டாவது கூட்டிலேயே தவறைக் கண்டுவிடுவான். வேகமான இயந்திரத்தில் பெட்டி நிறைந்த பிறகுதான் தெரியும். அதனால் எல்லா டைகளையும் கழற்றி வைக்கச் சொன்னேன். முதல் நிலையில் மட்டும் டையை மாட்டி, ஒரே ஒரு கூட்டை வைத்து, அது சரியாக வரும்வரை இரண்டாவது டையைத் தொடாதே என்றேன்.

சரியாக வருவது என்றால் எவ்வளவு என்பதையும் சொல்கிறேன். சுட்ட கூட்டின் தோள், அதாவது உடல் சரிந்து கழுத்தாகும் இடம், கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கும். அதை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்னுக்குத் தள்ளினால் பெரும்பாலும் போதும். நம் கணக்கில் 0.05 மில்லிமீட்டர். தள்ளாவிட்டால் கூடு துப்பாக்கியின் அறைக்குள் சிக்கும். அதிகம் தள்ளினால் கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒரு நாள் இரண்டாகப் பிரியும். டையின் மரையில் ஒரு அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்றுக்கு டை 1.8 மில்லிமீட்டர் இறங்கும். அப்படியானால் நமக்கு வேண்டிய 0.05 மில்லிமீட்டர் ஒரு சுற்றில் முப்பத்தாறில் ஒரு பங்குதான், அதாவது பத்து டிகிரி.

பத்து டிகிரிக்கு மணிக்கட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று இப்போதே செய்து பாருங்கள். ஆகவேதான் டையை எப்போதும் மேலே வைத்துத் தொடங்க வேண்டும். கொஞ்சம் இறக்கு, ஒரு கூட்டைச் சுருக்கு, கேஜில் அள. இன்னும் கொஞ்சம் இறக்கு, மறுபடி அள. ஒரேயடியாகக் கீழே இறக்கினால் அந்தக் கூடு போனதுதான், நசுங்கிய தோளை நிமிர்த்த முடியாது. லாக் நட்டை இறுக்கும்போது ஒரு கூடு டைக்குள் இருக்கட்டும், டை நடுவில் நிற்கும். இறுக்கிய பிறகும் ஒரு முறை அளந்து பார், இறுக்கும்போதே டை நகர்ந்திருக்கலாம்.

கழுத்துக்கும் கணக்கு உண்டு. .308 கூட்டின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2.005-க்கு வெட்டிவிடுவது வழக்கம். கழுத்து நீண்டுவிட்டால் அறையின் விளிம்பில் முட்டி, குண்டை நெரித்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆனால் இந்த நீளத்தை முதல் நிலையைச் சரிசெய்வதற்கு முன் அளந்து பயனில்லை. உடலைச் சுருக்கும்போது பித்தளை மேலே ஏறிக் கழுத்து நீளும். முந்தைய கட்டம் முடியாமல் அடுத்ததை அளப்பவன் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பான்.

தனியாகச் சரி, கூட்டத்தில் சரியா?

ஒவ்வொரு நிலையாக எல்லாம் சரிசெய்துவிட்டு, தட்டை நிறைத்து லீவரை இழுத்தான். முதல் நிலையில் அளவு மாறிவிட்டது. பயந்துபோய்க் கூப்பிட்டான். நான் எதிர்பார்த்ததுதான். ஒரு கூடு மட்டும் இருக்கும்போது இயந்திரத்தின் மேல் விழும் பாரம் வேறு. எல்லா நிலைகளிலும் கூடு இருக்கும்போது விழும் பாரம் வேறு. தட்டும், டைகளைத் தாங்கும் மேல்தலையும் மயிரிழை அளவு வளையும். தோளுக்கு நாம் கொடுத்திருக்கும் இடமே மயிரிழைதானே. ஆகவே தட்டு நிறைந்திருக்கும்போது ஒரு முறை அளந்து, முதல் டையைத் தொட்டும் தொடாமலும் திருத்த வேண்டும்.

இதை வேலைக்குப் போகிற பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தனியாகப் படித்தபோது எல்லாம் தெரிந்தது, ஷிஃப்டில் நின்றபோது கை நடுங்கியது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. பாரம் ஏறும்போது அளவு கொஞ்சம் மாறும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. மாறினால் மறுபடி அளந்து திருத்திக்கொள்ளலாம். தனியாகக் கற்றது வீணாகாது. அது இருந்ததால்தான் பத்து டிகிரியில் திருத்தம் முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத கட்டம்

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்டன. அளவு சரி, பளபளப்பு சரி, கேஜ் எதையும் காட்டவில்லை. பருவ விரிசல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மழை ஈரமும் பித்தளையைத் தாக்கின. ஆனால் அவை மட்டும் இருந்தால் போதாது. கூட்டை இழுத்து அழுத்தி உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் விரிசலை உண்டாக்கியது. மிதமாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் விரிசல் வராது என்று காட்டினார்கள்.

அந்தச் சூட்டால் கூட்டின் அளவு மாறாது, எடை மாறாது. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பல மாதம் கழித்து, வேறு ஊரில், வேறு ஒருவன் கையில் விரிசலாகத் தெரியும். இன்றைக்கும் அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் சூடுபட்ட நீலமும் பழுப்பும் கலந்த கறையைத் துடைக்காமல் விடுகிறார்கள். சூடேற்றும் கட்டம் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒருவர் விட்ட குறை இன்னொருவர் கையில் தெரியும் தொழில் இது. நீலகிரியில் உள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலை 1904-இலிருந்து வெடிமருந்து செய்கிறது. திருச்சியில் துப்பாக்கி செய்கிறார்கள். கூடும் குண்டும் வேறு ஊர்களிலிருந்து வரும். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தனக்கு முன்னால் இருந்தவன் தன் கட்டத்தை ஒழுங்காக முடித்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவரும் வேலை செய்கிறார்கள். மேற்பார்வையாளர் கேட்காத கட்டத்தை, கேஜ் பிடிக்காத கட்டத்தைச் செய்து முடிப்பவனைத்தான் நான் தொழிலாளி என்று சொல்வேன்.

கடைசியில் கண்

உயவு எண்ணெய் தடவாமல் கூட்டைச் சுருக்கினால் டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த எண்ணெயைப் போக்கியாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு சுட்டால் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல், முழு அழுத்தத்தையும் அறையைப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டின் மேல் தள்ளும். அதைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் அரைத்த மக்காச்சோளத் தக்கையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் காட்டில் கதிர் அடித்த பிறகு குவிந்து கிடக்கும் அதே தக்கைதான்.

அதன் பிறகும் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அடிக்கு மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அங்கே உலோகம் மெலிந்திருக்கிறது. கழுத்தில் மயிர்க்கோடு தெரிந்தால் அதை ஒதுக்கு. போடி ஏலக்காய்க் கடைகளில் சல்லடை காயை அளவு வாரியாகப் பிரித்துவிடும். வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்குவது பெண்களின் கண்ணும் விரலும்தான். எந்த இயந்திரம் வந்தாலும் அந்த இடம் காலியாகாது. ஒதுக்கும்போது மனம் வலிக்கும், ஒரு கூட்டுக்குக் காசு போயிற்றே என்று தோன்றும். ஒதுக்குவதற்கான தைரியமும் செட்டிங்கின் ஒரு பகுதிதான்.

பிள்ளைகளே, வேலைக்குச் சேரும் இடத்தில் வேகமாக ஓட்டுகிறவனைத்தான் முதலில் புகழ்வார்கள். அதைக் கண்டு அவசரப்படாதீர்கள். காலையில் செட்டர் வரும் நேரத்துக்கு அரைமணி முன்னால் போய், ஒரு நிலையை அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேஜை எடுத்துக் கொடுங்கள். அவர் எழுதும் அளவுகளை உங்கள் நோட்டிலும் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு நாள் அவர், "இந்த டையை நீ வை" என்பார். அன்று எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும், அளந்து பார்த்த பிறகே லீவரைத் தொடுங்கள்.