நூறு பர்சென்ட் தனுஷ்கோடி!

தனுஷ்கோடியில் போய் மோசமா போட்டோ எடுக்கணும்னா, அதுக்குத் தனித் திறமை வேணும் பாஸ்! ரெண்டு பக்கமும் கடல், நடுவுல வெள்ளை வெளேர்னு மணல், 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அடிச்ச புயல் தின்னது போக மிச்சம் வெச்ச சுவர்கள்... கண்ணை மூடிக்கிட்டு க்ளிக்கினாலும் காலண்டர் படம்தான். ஆனா, அதே படத்தை ஸ்டாக் போட்டோ ஏஜென்சிக்கு அனுப்பிப் பாருங்க. 'தொழில்நுட்பத் தரம் போதாது'னு ஒத்தை வரியில திருப்பி அனுப்பிடுவாங்க!

எங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு அதுதான் நடந்துச்சு. ஃபைனல் இயர் மெக்கானிக்கல். செகண்ட் ஹேண்ட் கேமரா, தவணையில வாங்கின லென்ஸ். படத்தை வித்துத் தவணை கட்டிடலாம்னு கணக்கு. தனுஷ்கோடி போய் எடுத்து அனுப்பின 22 படமும் ரிட்டர்ன். 'மறுபடி போறேன்டா. அந்தச் சர்ச் சுவர் இன்னும் எத்தனை மழை தாங்கும்னு தெரியலை. நிக்கிறப்பவே ஒழுங்கா ஒரு படம் எடுத்துடணும்'னார். ட்ரைபாட் தூக்க ஆள் தேவைப்பட்டதால எனக்கும் சீட் கிடைச்சுது.

பஸ்ல போகும்போதே பாடம் ஆரம்பம். 2000-ல ஐஸ்டாக்போட்டோ, 2003-ல ஷட்டர்ஸ்டாக்னு வந்த பிறகுதான், டிஜிட்டல் கேமரா வெச்சிருக்கிற யாரும் படம் விக்கலாம்ங்கிற நிலைமை வந்தது. வாங்குறவர் அதை விசிட்டிங் கார்டுலயும் போடலாம், பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸ்லயும் போடலாம். அதனால ஏஜென்சியில படத்தை முழுசா பார்த்து, 'ஆஹா'னு சொல்லிட்டு விட மாட்டாங்க. நூறு பர்சென்ட் ஜூம்! அதாவது, படத்தோட ஒரு பிக்ஸலுக்கு ஸ்கிரீன்ல ஒரு பிக்ஸல். 24 மெகாபிக்ஸல் படம்னா 6,000-க்கு 4,000. சாதாரண ஃபுல் ஹெச்.டி. ஸ்கிரீன் ரெண்டு மெகாபிக்ஸல்தான் காட்டும். ஆக, ஒரே படத்தை ஏறக்குறைய 12 ஸ்கிரீனா நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். நம்ம செல்போன்ல சூப்பரா தெரியுற படம் அங்கே பல் இளிக்கிறது இப்படித்தான்.

பாம்பன்ல இறங்கினோம். 1988-ல திறந்த ரோடு பாலத்து மேல நின்னா, பக்கத்துல ரயில் பாலம். 1914-ல போட்ட பழைய பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, நடுப்பகுதி செங்குத்தா மேலே தூக்குற புதுப் பாலத்தை 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. அண்ணன் டெலி லென்ஸை மாட்டினார். வியூ ஃபைண்டர்ல கம்பீரமான படம். ஆனா, பின்னாடி ஒரு பஸ் போறப்பெல்லாம் காலுக்குக் கீழே பாலம் லேசா அதிருது. ட்ரைபாட் வெச்சாலும் ட்ரைபாடும் சேர்ந்து ஆடுது! வண்டி இல்லாத இடைவெளி பார்த்து, ஷட்டர் ஸ்பீடைக் கூட்டி எடுத்தார். கேமரா ஸ்கிரீன்லயே பெருசு பண்ணிப் பார்த்தா, தூரத்து இரும்புக் கம்பிகள் நெளிநெளியா இருக்கு. இது ஃபோகஸ் கோளாறு இல்லையாம், உச்சி வெயில்ல சூடான காத்து அலையுறது. தார் ரோட்டுல தூரத்துல தண்ணி தெரியுற மாதிரி இருக்குமே, அந்தக் கதைதான். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் இதுக்கு மருந்து கிடையாது. விடியக்காலையில வர்றதுதான் ஒரே வழி.

மறுநாள் காலையிலேயே தனுஷ்கோடி. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துட்டதால, மணல்ல வேன்ல குலுங்கிக் குலுங்கிப் போற வேலையெல்லாம் இல்லை. சர்ச் வாசல்ல சங்கு, பாசி விக்கிற அக்கா அண்ணனை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. 'ஏந்தம்பி, போன தடவை எடுத்தது காணாதா? அதே செவுத்தையா மறுக்கா எடுக்கப் போற?'

அதே சுவர்தான்க்கா பிரச்னையே! பவளப்பாறைக் கல்லுல கட்டின சுவர் அது. கிட்டப் போய்ப் பார்த்தா, முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், பூ மாதிரி வரிகள். ஒரு காலத்துல உயிரோட இருந்த கல் ஆச்சே! போன தடவை சாயங்கால இருட்டுல, ட்ரைபாட் இல்லாம, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏத்தி எடுத்திருக்கார். வெளிச்சம் கம்மியானா சிக்னல் கம்மி. சிக்னலைப் பெருக்கினா நாய்ஸும் சேர்ந்து பெருகும். (எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு இது மட்டும் சுலபமா புரிஞ்சுது!) சுவர் முழுக்க கலர் கலரா புள்ளிகள். 'நாய்ஸ்'னு திருப்பி அனுப்பினாங்க. சாஃப்ட்வேர்ல நாய்ஸைத் துடைச்சு மறுபடி அனுப்பினா, 'அளவுக்கு மீறிய எடிட்டிங்'. ரெண்டையும் லேப்டாப்ல எனக்குக் காட்டினார். துடைச்ச படத்துல துளையே இல்லை, மொழுமொழுன்னு பிளாஸ்டிக் சுவர். பாவம், சாஃப்ட்வேருக்குப் பவளக் கல்லோட துளைக்கும் நாய்ஸ் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியலை. இந்த ரிஜெக்‌ஷன்ல ஏஜென்சிக்குத்தான் என் ஓட்டு. இங்கே வர்ற எல்லாரும் கையால தடவிப் பார்க்கிற சுவர், படத்துல பிளாஸ்டிக்கா இருந்தா எப்படி?

இந்த முறை ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. காத்து தூக்கி அடிச்சதால ட்ரைபாட் நடுவுல என் பேகைத் தொங்கவிட்டு வெயிட் ஏத்தினோம். 'எல்லாமே ஷார்ப்பா வர எஃப் 22 வைக்கலாமே?'ன்னு கேட்டேன். 'பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல விளிம்பு விளைவு படிச்சியே, மறந்துட்டியா? ஓட்டை ரொம்பச் சின்னதானா, அதுல நுழையுற வெளிச்சம் விரிஞ்சு மொத்தப் படமும் மங்கும்'னார். போதாக்குறைக்கு, சென்ஸார்ல ஒட்டியிருக்கிற தூசியெல்லாம் நீல வானத்துல கறுப்புக் கறுப்பா பொட்டு வெக்குமாம். மணலும் காத்தும் இருக்கிற ஊர்ல லென்ஸைக் கழட்டி மாட்டினா தூசிக்குக் கேக்கவா வேணும்? அன்னிக்கு முழுக்க ஒரே லென்ஸ்தான்.

இடிஞ்ச சுவரோட விளிம்பு வெள்ளை வானத்தைத் தொடுற இடத்துல ஊதா கலர்ல ஒரு கோடு விழும். அதுக்கும் ரிஜெக்ட் உண்டு. சூரியன் நமக்குப் பின்னாடி வர்ற வரைக்கும் காத்திருந்தா பாதிக்கு மேல போயிடுது. அந்த இடைவெளியில ரெண்டு பேருக்கும் அக்கா கடையில டீ.

அரிச்சல்முனையில வேற வில்லன். இங்கே வங்கக் கடலைப் பெண் கடல்னும், இந்தியப் பெருங்கடலை ஆண் கடல்னும் சொல்றாங்க. ஆண் கடல் பக்கம் பத்து நிமிஷம் நின்னா, லென்ஸ் முன்னாடி உப்புப் படலம் படிஞ்சிடுது. கண்ணுக்குத் தெரியாது, படம் மட்டும் புகை மூட்டமா வரும். அஞ்சு படத்துக்கு ஒரு தரம் ஈரத் துணி, காய்ஞ்ச துணினு துடைக்கிறது என் டிபார்ட்மென்ட். மணலும் நுரையும் வெள்ளை வெளேர்னு இருக்கிறதால, கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் அந்த இடத்துல எந்த விவரமும் பதியாது. வெறும் வெள்ளைக் காகிதம்தான். அண்ணன் வேணும்னே கொஞ்சம் இருட்டா எடுத்தார். இருட்டுல ஒளிஞ்சிருக்கிறதை அப்புறமா ஓரளவு மீட்கலாம், வெள்ளையில தொலைஞ்சதை யாராலயும் மீட்க முடியாதாம்.

ராத்திரி ராமேஸ்வரம் லாட்ஜ்ல லேப்டாப்பைத் திறந்து நூறு பர்சென்ட்ல உட்கார்ந்தோம். 140 படத்துல தேறினது ஒன்பது. 'இது அழகா இருக்கேண்ணே'னு நான் கெஞ்சினதையெல்லாம் சட்டை பண்ணாம டெலிட் அடிச்சார். ஒரு படத்துல அலை அப்படியே நடனம் ஆடுது, ஆனா ஃபோகஸ் அலையில இல்லை, பின்னாடி இருந்த கல்லுல! கடல் கோடு சரிஞ்ச படங்களை மட்டும் நிமிர்த்திக்கிட்டார். ஒண்ணு ரெண்டைச் சின்ன சைஸாக்கினா குறை மறையும்னு அவருக்குத் தெரியும். நாலு மெகாபிக்ஸலுக்குக் கீழே போனா பெரும்பாலும் வாசல்லயே நிறுத்திடுவாங்க என்பதும் தெரியும்.

ஒன்பதையும் அனுப்பி, பத்து நாள் கழிச்சு ஹாஸ்டல் மெஸ்ல ரிசல்ட் பார்த்தோம். ஆறு பாஸ். சர்ச் சுவர் பாஸ்! அதைப் பெருசு பண்ணி ஒவ்வொரு துளையா எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தார் அண்ணன், சாம்பார் ஆறினதுகூடத் தெரியாம. தவணைக்கு அது காணாது, முதல்ல யாராவது வாங்கணுமே! பாம்பன் பாலம் மட்டும் மறுபடி ரிட்டர்ன், 'ஃபோகஸ் சரியில்லை'ன்னு.

மார்கழியில விடியுறதுக்கு முன்னாடி பாலத்துல நிக்கணுமாம். ட்ரைபாட் என் ரூம்லதான் இருக்கு.